கோர்ட்டில் கல் இல்லை

தேவனூர் நாடு, கொல்லிமலை
19.1.2025, ஞாயிறு

கண்ணு காளியண்ணா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று கோபித்துக்கொள்ளாதே. காகிதத்தில் கோடு நேராகத்தான் போட்டிருக்கிறது. என் கைதான் மேடு பள்ளமாக ஏறி இறங்குகிறது. பேனாவை மண்வெட்டி பிடிக்கிற மாதிரி பிடிக்கிறேனாம். காகிதத்தின் பின்பக்கம் தடவிப் பார்த்தாலே எழுத்து கைக்குத் தட்டும், அவ்வளவு அழுத்தம். இந்த ஒரு கடிதத்துக்கு நாலு சாயங்காலம் ஆயிற்று.

ஆமாம் சாமி, உன் அப்பன் முத்தன்தான் எழுதுகிறேன். வேறு யாரும் எழுதவில்லை, வேறு யாரும் படிக்கவும் இல்லை. மேலூர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. அருணா என்று ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள். எட்டுப் பெண்கள், ஆம்பிளை நான் ஒருத்தன். முதல் நாள் ராமாயி, "முத்தண்ணா, எழுவத்திரண்டு வயசுல கலெக்டர் ஆவப் போறீங்களா?" என்று கேட்டாள். "அத்தன பேராசை இல்லீங்க, தாசில்தார் போதும்" என்றேன். அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை, அத்தனை சிரிப்பு.

இப்போது பார்க்கிறதெல்லாம் படிக்கிறேன். பஸ் நிறுத்தத்துச் சுவரில் சிவப்பாக எழுதியிருக்குமே, அதை ஏதோ சாமி பெயர் என்று இத்தனை வருஷம் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனேன். போன வாரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். சிமெண்ட் விளம்பரம்.

மிளகு பறிக்கிறோம். காய் சுமார்தான்.

உன்னைப் பார்க்கச் சேலத்துக்கு மூன்று முறை வந்தேன். எழுபது வளைவும் பஸ்ஸில் வாந்தி எடுத்து வந்தேன். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று முறையும் நீ வெளியே வரவில்லை. முகம் பார்க்க வேண்டாம் என்றால் சரி. காகிதமாவது பார். நான் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை இன்னொருத்தர் கையால் எழுதவைக்க மனம் ஒப்பவில்லை. அதற்காகத்தான் வகுப்புக்கே போனேன். அதைச் சொல்லும் அளவுக்கு இன்னும் எழுத வரவில்லை. கொஞ்சம் பொறு.

உன் அப்பன்
முத்தன்


சிறை, சேலம்
3.2.2025

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே அதிகாரி பிரித்து முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், நாங்கள் எழுதி அனுப்புவதைப் பார்ப்பதில்லை. சிமெண்ட் விளம்பரத்தைப் படித்து அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டதில் எனக்கு ஒரு உபயோகம் இருக்கிறது. அதற்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் செய்தது தப்புதான். குச்சிக்கிழங்குக் காட்டைக் காட்டுப்பன்றி உழுது போட்டது. மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்துக் காட்டைச் சுற்றிக் கரண்ட் விட்டேன். விடியற்காலையில் அர்த்தனாரி ஆட்டைத் தேடி வந்து அதில் மாட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. செத்துக் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஓடையில் போட்டது அதைவிடத் தப்பு. பயத்தில் செய்தேன். நான் கம்பியைச் சுருட்டியதையும் அவரைத் தூக்கியதையும் பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

ஊர்க் கூட்டத்தில் அவர் மனைவி கண்ணாயி எல்லோரையும் பெரியண்ணன் கல்லைத் தொட்டுச் சொல்லச் சொன்னாள். நீங்கள் தொட்டீர்கள், சொன்னீர்கள். அதை நான் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். அது நம் சாமி, நம் கட்டளை. ஆனால் ஊரில் சொன்னது கோர்ட்டில் நிற்காது, அங்கே "பார்க்கவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வக்கீல் சொன்னார். நீங்களும் தலையாட்டினீர்கள். கூண்டில் ஏறியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். ஏழு வருஷம்.

கோர்ட்டில் கல் இல்லையே அப்பா. கல்லைத் தொட்டுப் பொய் சொல்லாதே என்பதுதானே கட்டளை? தொடாத இடத்தில் எதற்குச் சொன்னீர்கள்? இரண்டரை வருஷமாக இது ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னையில் அப்பீல் கோடை விடுமுறை முடிந்து ஜூனில் வருகிறது. வக்கீல் ஒரு காகிதம் தயார் செய்திருக்கிறார். போலீஸ் மிரட்டிச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன், எழுதப் படிக்கத் தெரியாததால் எதில் கைநாட்டு வைத்தேன் என்று தெரியாது, இப்போது படித்து அறிந்து சொல்கிறேன் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்து உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிழவர் படிக்கக் கற்றபிறகு உண்மையைக் கண்டுகொண்டார் என்றால் ஜட்ஜ் மனம் இறங்கும் என்கிறார். உங்கள் மருமகள் மேகலாவே கொண்டுவந்து தருவாள்.

நீங்கள் எனக்காக ஒன்றும் செய்ததில்லை என்று சொல்லமாட்டேன். இதைச் செய்யுங்கள்.

காளியண்ணன்


தேவனூர் நாடு
23.2.2025, ஞாயிறு

கண்ணு,

உன் கையெழுத்து எத்தனை அழகு! பத்தாவது வரைக்கும் உன்னைப் படிக்கவைத்தோம், உன் எழுத்தை ஒரு நாள் படித்துப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இப்போது படித்துவிட்டேன். படித்த விஷயம் வேறாக இருந்திருக்கலாம்.

மேகலா முள்ளுக்குறிச்சியிலிருந்து காகிதத்தோடு வந்தாள். கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறாள், உள்ளங்கை காய்த்துப்போயிருக்கிறது. அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். மூன்று வரி எழுதினேன். என் பெயர், என் அப்பன் பெயர், ஊர். அதுவரைக்கும் எல்லாம் உண்மை. நாலாவது வரியில் கை நின்றுவிட்டது.

"என்னங்க மாமா, எழுத்து மறந்துபோச்சுங்களா?" என்றாள்.

"எழுத்து இருக்குது சாமி. கைதான் போவ மாட்டேங்குது."

"எம்பட கைய வேணும்னா புடிச்சுக்கங்க. செங்கல்லு எடுத்த கை, எங்க வேணும்னாலும் போவும்" என்றாள். சோறு போட்டேன். சாப்பிடாமல் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நோன்பு அன்றைக்குப் பூசாரி நம் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்வாரே, பெரியண்ணன் கட்டளை, அதை நீ சின்ன வயதில் கடகடவென்று ஒப்பிப்பாய். எல்லைக்கல்லை அசைக்காதே. விதைச் சாமையைத் தின்னாதே. ஊற்றை மூடாதே. கல்லைத் தொட்டுப் பொய் சொல்லாதே. உண்மை சொன்ன வீட்டின்மேல் ஆயுதம் எடுக்காதே. உன் வீட்டால் ஒருவன் செத்தால் அவன் அடுப்பை அணைய விடாதே. இதற்குமேல் எனக்கு வேறு பாடம் தெரியாது. அருணா சொல்லிக்கொடுத்ததெல்லாம் இதற்குப் பிறகு வந்தது.

ஐந்தாவதை யோசித்துப் பார். அர்த்தனாரியின் தம்பிகள் இரண்டு பேரும் நாட்டுத் துப்பாக்கியை எடுத்து வைத்திருந்தார்கள். நான் கல்லைத் தொட்டுச் சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே அதைத் திரும்பப் பரணில் போட்டுவிட்டார்கள். கண்ணாயியே என்னிடம் சொன்னாள். நீ இன்றைக்கு என்மேல் கோபப்படுவதற்காவது உயிரோடு இருக்கிறாய்.

காகிதத்தை இன்னும் கிழிக்கவில்லை. அரிசிப் பானைக்கு மேல் வைத்திருக்கிறேன். எனக்கு நாள் கொடு.

முத்தன்


சிறை, சேலம்
10.3.2025

அப்பாவுக்கு,

என்னைச் சுட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். உயிரோடு இருப்பதைப் பெரிய லாபம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கட்டளை யாரைக் காப்பாற்றியது? வரிசையாகச் சொல்கிறேன். அம்மா நான் உள்ளே வந்த ஐந்தாம் மாதம் செத்துப்போனாள். கொள்ளி வைக்கக்கூட என்னை அனுப்ப ஏற்பாடு செய்ய ஆள் இல்லை. மேகலாவை நீங்களே பார்த்தீர்கள். காட்டில் பாதி தரிசாகக் கிடக்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாரம் ஒரு சுமை விறகைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாயி வீட்டில் போடுகிறீர்கள். மேகலாதான் சொன்னாள். அவள் அடுப்பு எரிய வேண்டும். என் அடுப்பு?

இங்கே என் பக்கத்தில் படுக்கிறவன் பொய்ச் சாட்சி சொல்லி இரண்டு அண்ணன்களை வெளியே எடுத்தவன். தானும் அடுத்த மாதம் போகிறான். அவன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். வாராவாரம் முறுக்கு வருகிறது.

சாமி உங்களுக்குக் கொடுத்தது பாதுகாப்பு இல்லை அப்பா. அகம்பாவம். "முத்தன் பொய் சொல்லாதவன்" என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதற்கு நான் விலை.

ஏப்ரல் முடிவதற்குள் காகிதம் வக்கீல் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் இனிமேல் எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.

காளியண்ணன்


தேவனூர் நாடு
6.4.2025, ஞாயிறு

காளியண்ணா,

இதை நீ பிரித்துப் படிக்க வேண்டும். இதற்குப் பிறகு எதையும் பிரிக்க வேண்டாம்.

மூன்று வாரமாக எழுதினேன். தப்பு வந்தால் அடித்துவிட்டு மேலே போயிருக்கிறேன். அருணா "யாருக்குங்க அப்பா இவ்வளவு நீளமா?" என்று கேட்டாள். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும் யாருக்கென்று. அவளுக்கும் தெரியும்.

நான் பொய் சொல்லாதவன் இல்லை. சாட்சி சொல்ல வந்த அன்றைக்குக் "பார்க்கவில்லை" என்று சொல்லவே கிளம்பினேன். நீ சொன்ன அதே கணக்குத்தான் என்னுடையதும். கோர்ட்டில் கல் இல்லை, ஆகவே அங்கே சொல்வது பெரியண்ணன் காதில் விழாது. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன் கண்ணு. "தூங்கிக்கிட்டு இருந்தனுங்க, எதையும் பாக்கலீங்க." நீ வேண்டுமானால் வக்கீலைக் கேள், வராந்தாவில் அவரிடம் இரண்டு முறை ஒப்பித்தேன்.

கூண்டில் ஏறினேன். கடவுள் பேரில் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன், அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நீ அந்தப் பக்கம் நின்றிருந்தாய், வெள்ளைச் சட்டை போட்டு. வேட்டி நழுவுகிற மாதிரி இருந்தது, இறுக்கலாம் என்று மடியில் கை வைத்தேன். மடியில் ஒரு முடிச்சு. அன்றைக்குக் காலையில் உன் அம்மா எனக்கு வேட்டி கட்டிவிடும்போது எதையோ முடிந்துவைத்தாள். மலை இறங்குகிறவர்களுக்குக் கட்டுகிற காப்புத்தானே, திருநீறு என்று நினைத்திருந்தேன். அது திருநீறு இல்லை. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. பெரியண்ணன் கல்லின் சில்லு. எழுபது வருஷம் தொட்டு வளர்ந்த கல், எனக்குத் தெரியாதா?

என் கை கல்லின்மேல் இருந்தது. "அன்னைக்கு என்ன பாத்தீங்க?" என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா குப்பாயியிடம் கேட்டேன். கோயிலடியில் கிடந்தது, பொறுக்கி வைத்தேன், நீங்கள் பத்திரமாகப் போய் வர வேண்டும் என்றுதான் கட்டினேன் என்றாள். பிறகு அவள் என்னைக் கேட்டாள்: "அந்தக் கல்லாலதான் சொல்லீட்டீங்களா?"

நான் ஆமாம் என்றேன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கல்லைத் தொட்டுக்கொண்டு இருக்கவில்லை, அடுப்படியில் நின்றிருந்தேன். எந்தக் கட்டளையும் குறுக்கே நிற்கவில்லை. பழக்கத்தில் உண்மை வந்துவிட்டது. அன்றையிலிருந்து அவள் சாப்பாடு குறைந்தது. மருத்துவமனையில் இரத்தம் இல்லை என்றார்கள். வேறொன்று அவளைத் தின்றுகொண்டிருந்தது. மகனை நானே உள்ளே தள்ளினேன் என்று ஒரு முறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஜெயில் கம்பிக்கு வெளியே நின்று நூறு பேர் இரைச்சலில் கத்திச் சொல்கிற விஷயமா இது? வேறு யார் கையாலாவது எழுதினால் உன் அம்மா பேர் ஊர் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

நீ கேட்ட காகிதத்தை எழுதப் போவதில்லை. அகம்பாவம் என்றாய். இருக்கலாம். எனக்கு எல்லாம் போய்விட்டது காளியண்ணா, மழையில் ஒதுங்குகிற பாறை மாதிரி அந்த ஆறு வார்த்தைதான் மிச்சம். அதற்குள்ளும் ஒழுகுகிறது, நீ சொல்வது சரிதான். ஆனால் வெளியே போனால் நிற்க இடமில்லை.

முத்தன்


சிறை, சேலம்
8.6.2025

அப்பா,

இரண்டு மாதம் எழுதவில்லை. உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கவில்லை. வந்த அன்றைக்கே படித்தேன். பிறகு யார் கேட்டாலும் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன்.

அம்மா அந்தக் கல்லைப் பொறுக்கவில்லை. நான் உடைத்தேன்.

ஜாமீனில் இருந்தேன் அல்லவா, கேஸுக்கு முந்தின நாள் மத்தியானம் கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லை. திருநீறு போதாது என்று எனக்குத் தோன்றியது. அத்தனை பெரிய கேஸுக்கு அத்தனை பெரிய காப்பு வேண்டும், சாமியிலேயே ஒரு துண்டு இருந்தால் யாராலும் அசைக்க முடியாது என்று நினைத்தேன். கொடுவாளின் பின்பக்கத்தால் ஓரத்தில் தட்டினேன். இரண்டு சில்லு விழுந்தது. ஒன்றை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்து, "அப்பா மடியில கட்டி உடு, எதுன்னு சொல்லாதே" என்றேன். "ஏஞ்சாமி, கல்லையா ஒடச்சே?" என்று வாயில் அடித்துக்கொண்டாள். பிறகு கட்டினாள்.

அதன்மேல் கை வைத்தால் நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் அன்றைக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. சாமி என்றால் காப்பாற்றும் என்பது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. கட்டளை மறந்துபோயிற்று.

கோர்ட்டில் கல் இல்லையே என்று உங்களுக்கு எழுதினேன். என் சட்டைப்பையிலேயே ஒன்று இருந்தது.

நான் கல்லை உடைத்தது தெரிந்தால் நீங்கள் என்னை வீட்டில் ஏற்றமாட்டீர்கள் என்று பயந்துதான், கீழே கிடந்ததைப் பொறுக்கியதாக அம்மா சொல்லியிருப்பாள். எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, அந்தப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டு செத்திருக்கிறாள். இதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். உங்களுக்குத் தெரியவே போவதில்லை. இரண்டு மாதம் அதையும் யோசித்துப் பார்த்தேன்.

வக்கீலிடம் காகிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "பிறகு என்னை எதற்கு வைத்திருக்கிறாய்?" என்றார். அப்பீல் நிற்காது என்கிறார்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

காளியண்ணன்


தேவனூர் நாடு
29.6.2025, ஞாயிறு

காளியண்ணா,

உன் கடிதம் வந்த அன்றைக்கு உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியது எல்லாம் வசவு. பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. தீர்ப்புக்கு முன்னும் பின்னுமாக ஏழு மாதம் உன் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தேன், அவள் அதை எனக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உன்னைவிட என்னிடம்தான் பயம். இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. கையெட்டும் தூரத்தில் நீ இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

அதனால் பத்து நாள் எழுதவில்லை. இப்போதும் முழுக்கத் தணியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மேகலாவை நேரில் பார்த்து என் கடிதத்திலும் உன் கடிதத்திலும் இருந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பனும் மவனுமா சாமியக் கட்டிக்கிட்டு அழுவுங்க. நான் செங்கல்லக் கட்டிக்கிட்டு அழுவறேன்" என்றாள். அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. பலாப்பழம் இரண்டு கொடுத்தேன். இந்த முறை எடுத்துக்கொண்டு போனாள்.

கல் உடைந்ததைப் பூசாரியிடம் சொன்னேன். வந்து பார்த்தார். அந்த ஓரம் மூன்று வருஷமாக உடைந்துதான் இருக்கிறது, எண்ணெய் பட்டுக் கறுத்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. என்ன தண்டம் என்று கேட்டேன். "உடைத்தவன் வந்து சொல்லட்டும்" என்றார்.

விறகு கொண்டுபோனபோது கண்ணாயியிடம், அப்பீலுக்கு எங்கள் பக்கத்துக் காகிதம் போகவில்லை, அவன் முழு வருஷமும் இருந்துவிட்டுத்தான் வருவான் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் சுமையை இறக்கக்கூட வரவில்லை.

"வெறவு ஈரமா இருக்குதுங்கண்ணா. பொகையிலயே நான் சாவோணுமா?" என்றாள். பிறகு, "அவரு கடேசியா என்ன சொன்னாருன்னு உங்க மவனுக்கு மட்டுந்தான் தெரியும். உசுரு உடனே போச்சா, கொஞ்ச நேரம் இருந்துச்சா, தண்ணி கேட்டாரா? கோர்ட்டுல யாரும் இதக் கேக்கலீங்க. அவன் வந்து எங்கிட்டச் சொல்லோணும். அதுவரைக்கும் நீங்க வெறவு போடோணும், சாவக் கூடாது" என்றாள்.

அவளுக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நாலு வருஷம் காத்திருக்க அவளால் முடியும், சின்ன வயசுக்காரி. என் கதை வேறு. எழுபத்தாறு, எழுபத்தேழு வரைக்கும் நம் வீட்டில் ஆம்பிளைகள் யாரும் இருந்ததில்லை. ஆகையால் நீ நேரில் சொல்லும்வரை வைத்திருக்க வேண்டாம். உனக்கு எழுதத் தெரியும், அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீ எழுது. நான் போய் அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் படித்துச் சொல்கிறேன். அவர் தண்ணீர் கேட்டிருந்தால் கேட்டார் என்று எழுது. நீ கொடுக்காமல் ஓடியிருந்தால் அதையும் எழுது.

ஜூலை இரண்டாவது செவ்வாய் வருகிறேன். நீ வெளியே வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பெயர் கூப்பிடும்வரை நின்றுவிட்டுப் போவேன். வந்தால் பேச ஒன்றும் இல்லை, பார்த்தால் போதும்.

மழை பிடித்துவிட்டது. சாமை விதைக்க நிலம் ஈரமாகத்தான் இருக்கிறது. கால் காடு விதைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

அப்பன்
முத்தன்